நாலாவது புள்ளி

பிசகு ஒரே ஒரு புள்ளிதான்.

மூன்று புள்ளிகள் ஒழுங்காக வந்தன, குட்டையாக, ஒன்றன்பின் ஒன்றாக. எழுத்து முடிந்துவிட்டது என்று காது முடிவு செய்துகொண்ட பிறகு, வாசல் தாண்டிப் போனவர் எதையோ மறந்து திரும்பி வந்து கதவைத் தட்டுவது போல இன்னொரு புள்ளி வந்தது. நரசிம்மலுவின் பென்சில் காகிதத்தில் இறங்கிய இடத்திலேயே நின்றது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு நாற்பது. பீளமேட்டு வீட்டின் மாடி அறையில் ரேடியோப் பெட்டியின் வால்வுகள் சூடேறி வார்னிஷ் வாசம் அடித்தது. கீழேயிருந்து வறுத்த கொத்துமல்லியின் மணம் படியேறி வந்து அதோடு கலந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசிய காற்று, கூரைக்கும் தென்னைக்கும் நடுவே கட்டியிருந்த ஏரியல் கம்பியை ஓயாமல் உலுக்கி ஒரு மெல்லிய ஊளையை எழுப்பிக்கொண்டிருந்தது. மேற்கே ஆனைமலைப் பக்கம் மூன்று நாளாக வானம் கருத்தே கிடந்தது. ஹெட்போனுக்குள் மின்னல் உடையும் சத்தம் அப்பளம் நொறுங்குவது போலக் கேட்டது.

வானொலிப் பொழுதுபோக்காளர்களின் சங்கம் நடத்திய இரண்டு நாள் போட்டி அது. இலங்கை, பர்மா, மலாயா, இந்தியா என்று எங்கெங்கோ இருப்பவர்கள் தந்திச் சாவியில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் எழுத்தைத் தட்டி ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் சர்க்கார் கொடுத்த அழைப்புக் குறி ஒன்று உண்டு. நாலைந்து எழுத்துதான், ஆனால் ஆகாயத்தில் அதுதான் ஆளின் பெயர், முகம் எல்லாம். எதிராளியின் குறியைப் பிசகில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வரிசை எண்ணைக் கொடுத்து, அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். தூரத்து ஆளுக்கு மதிப்பெண் அதிகம். சொந்த ஜில்லாக்காரருக்கு ஒன்றுமில்லை. கடைசியில் எல்லோருடைய லாக் புத்தகங்களையும் சங்கம் ஒத்துப் பார்க்கும்.

நரசிம்மலு மில்லில் எலெக்ட்ரிக் சூப்பர்வைசர். வயது முப்பத்திரண்டு. சங்கத்தில் அவனுக்குக் கண்டிப்பானவன் என்று பெயர். பேசுவதற்கு முன் கேள். உன் குறியை முழுதாகச் சொல். மெலிந்த குரலுக்கு முதலில் வழி விடு. சந்தேகம் வந்தால் ஊகிக்காதே, மறுபடி கேள். இந்த நாலையும் சங்கப் பத்திரிகையில் எழுதியவனே அவன்தான். போன வருஷம் லாக்கில் இரண்டே இரண்டு வரி குறைந்து முதலிடம் தவறிப்போயிருந்தது.

இப்போது வந்த குறியின் முன்னெழுத்துகள் இரைச்சலில் அடிபட்டுப்போயின. கடைசி எழுத்து மட்டும் மிஞ்சியது. மூன்று புள்ளி என்றால் ரங்கூன்காரர், சனிக்கிழமையிலிருந்து அவன் காத்துக்கொண்டிருந்தவர். நாலு புள்ளி என்றால் வால்பாறை அந்தோணிராஜ்.

அது யாருடைய கை என்று நரசிம்மலுவுக்குத் தெரியும். தெரியாமல் இருக்கவே முடியாது. மெசபடோமியா யுத்தத்தில் சிக்னல் படையில் இருந்து, ஆள்காட்டி விரலின் நுனியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர் அந்தோணிராஜ். இப்போது மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஸ்டோர் கிளார்க். பாட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். அந்த மொண்ணை விரலுக்கு மூன்று தட்டலில் களைப்பு வந்துவிடும். நாலாவது புள்ளி எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் அந்தப் பிந்தின புள்ளியோடு பேசிப் பழகியவன் நரசிம்மலு.

ஆனால் சொந்த ஜில்லாவுக்கு மதிப்பெண் இல்லை. போட்டி முடிய ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. சங்கம் கேட்டால், இரைச்சலில் மூன்றாகத்தான் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ரங்கூன்காரரின் குறியை எழுதினான். அவர் குறியையே தட்டினான். வரிசை எண் நூற்றுப் பதிமூன்று. நன்றி, வணக்கம்.

பிறகு அந்த மெலிந்த ஓசை அவசரமாகத் திரும்பி வந்தது. அவன் கேட்கவில்லை. அதன் தலைமேலேயே தன் பெரிய பெட்டியின் முழு பலத்தையும் வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட ஆரம்பித்தான். சாவியை விட்டுக் கேட்கிற ஒவ்வொரு முறையும் மற்றவர்களுக்கு அடியில் அது இருந்தது. தண்ணீருக்கடியில் யாரோ பேசுவது போல இருந்தது. ஒருதரம் ‘ரோடு’ என்று ஒரு சொல் மட்டும் தெளிவாக விழுந்தது. எஸ்டேட் ரோட்டைப் பற்றிய வழக்கமான புலம்பல் என்று நினைத்துக்கொண்டு மறுபடி சாவியை அழுத்தினான்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த ஓசை நின்றது. முடித்துக்கொண்டு நிற்கவில்லை. எழுத்தின் நடுவில் நின்றது. மூன்று புள்ளி. நாலாவது வரவில்லை.

*

வியாழக்கிழமை மில் சங்கு ஊதி அவன் வீடு திரும்பியபோது, வாசல் கேட்டருகே குடையை மடக்கிப் பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார். சட்டைக் கையில் கறுப்புத் துணி தைத்திருந்தது.

“ஏனுங்க, ரேடியோக்கார நாயுடு நீங்கதானுங்களா?”

“ஆமாங்க. நீங்க?”

“இன்னாசிமுத்துங்க. அந்தோணிராஜ் எங்கண்ணனுங்க. பொள்ளாச்சியிலிருந்து வாரேன்.”

நரசிம்மலு அவரை உள்ளே கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்தான். மனைவி வரலட்சுமி மோர் கொண்டுவந்து வைத்தாள். இன்னாசிமுத்து அதைத் தொடவில்லை.

“அண்ணன் போயிருச்சுங்க” என்றார். “ஞாயித்துக்கெழம மத்தியானம் கீழ் லைன் வீடுங்க மேல மண்ணு சரிஞ்சுபோச்சுங்க. பதினாலு பேரு உள்ள. உசுரோடத்தான் இருந்தாங்க, சத்தம் கேட்டுச்சாமுங்க. தொரை ஊர்ல இல்லை. ரோடு ஒடைஞ்சு, போன் கம்பியும் அறுந்துபோச்சு. அண்ணந்தான், ‘கோயமுத்தூர்ல நம்ம நாயுடு இன்னைக்குக் காதுல மாட்டிட்டு ஒக்காந்திருப்பாரு, அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டா ஆளும் டாக்டரும் வந்துருவாங்க’ன்னு சொல்லிப்போட்டு ஸ்டோருக்கு ஓடுச்சாமுங்க. ஆறு மணிக்குள்ள ரெண்டாவது சரிவு. ஸ்டோரோட இழுத்துட்டுப் போயிருச்சு.”

“உள்ள இருந்தவங்க?” என்று வரலட்சுமி கேட்டாள்.

“மறாநா மத்தியானம் வரைக்கும் சத்தம் இருந்துச்சுங்க அம்மணி. தோண்டறதுக்கு ஆளில்லை.”

காற்றில் ஜன்னல் கதவு ஒன்று மெதுவாக இடித்துக்கொண்டிருந்தது.

“உங்களுக்குக் கேட்டுதுங்களா?” என்றார் இன்னாசிமுத்து. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஏக்கம் மட்டும் அதில் இருந்தது. “அண்ணன் கூப்புட்டது?”

“இல்லீங்க” என்றான் நரசிம்மலு. “இடி சத்தம். ஒண்ணும் கேக்கலீங்க.”

இன்னாசிமுத்து தலையாட்டினார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அட்டை முழுக்கச் செம்மண் அப்பி, காய்ந்து வெடித்திருந்தது. “சட்டைக்குள்ள வெச்சிருந்துச்சுங்க. இதுல உங்க ரேடியோ எழுத்தும், அதுக்குப் பக்கத்துல நூத்திப் பதிமூணுன்னும் எழுதியிருக்குது. அது என்னங்க?”

“தெரியலீங்களே.”

“கீழே பதினாலு பேரோட பேரும் எழுதியிருக்குதுங்க. ஆபீஸ்ல பதிமூணு பேருன்னுதான் சொல்றாங்க. பதினாலாவது ஒரு பொம்பளை, அந்த வாரந்தான் உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து வேலைக்கு ஏறி வந்தவளாம். ரிஜிஸ்டர்ல ஏத்தலை. பேரு ஒருத்தருக்கும் தெரியலை. இதுலயும் அந்த எடத்துல மண்ணு அரிச்சுப்போச்சுங்க.” எழுந்தார். “நீங்களே வெச்சுக்குங்க. உங்களுக்காக எழுதுனதுதானுங்களே.”

*

வெள்ளிக்கிழமை நரசிம்மலு லாக் புத்தகத்தைப் படியெடுத்தான். நூற்றுப் பதிமூன்றாவது வரியில் பேனா ஒரு நொடி தயங்கியது. அடித்துவிட்டால் ஏன் அடித்தாய் என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் அவர் கூப்பிட்ட நேரம் வெளியே வரும், நேரம் வந்தால் எல்லாம் வரும். ரங்கூன்காரரின் குறியை அழகான கையெழுத்தில் எழுதினான். ‘விதிகளுக்கும் மரியாதைக்கும் உட்பட்டே நடந்துகொண்டேன்’ என்ற வாசகத்தின் கீழ் கையொப்பம் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் கால் கழுவக் குழாயடிக்குப் போனான். மூடிய குழாயிலிருந்து மூன்று சொட்டு விழுந்தது. சரியான இடைவெளி. அவன் அறியாமலே காது நாலாவதற்குக் காத்திருந்தது. சொட்டு விழவில்லை. நிமிர்ந்தான். முதுகுக்குப் பின்னால், துவைக்கிற கல்லில், ஈரமாக ஒரு தட்டல்.

திரும்பிப் பார்த்தான். கல் காய்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகு அது விடவில்லை. மூன்று தூரத்தில் கேட்கும், நாலாவது பக்கத்தில் கேட்கும். மில்லில் நூற்பு இயந்திரங்களின் பேரிரைச்சலுக்குள், கூடத்தின் மறுகோடியில் மூன்று முறை இரும்பு தட்டும். எல்லா இரைச்சலையும் மீறி, அவன் சாய்ந்திருந்த தூணுக்குள்ளிருந்து நாலாவது வரும். சைக்கிளில் வரும்போது வண்டிமாட்டுக் குளம்பு மூன்று முன்னால் போகும். நாலாவது அவன் பின்சக்கரத்தை ஒட்டி. சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பான்.

“ஏனுங்க, என்ன கேக்கறீங்க?” என்பாள் வரலட்சுமி.

“ஒண்ணுமில்லை அம்மணி.”

“ஊடெல்லாம் ஒரு மாதிரி மண்ணு வாசம் அடிக்குதுங்க. எங்கயாவது ஒழுகுதா பாருங்க.”

அவளுக்கும் வாசம் வருகிறது என்பது அவனுக்கு எதையும்விட அதிகமாகப் பயத்தைக் கொடுத்தது. சனிக்கிழமை காலையில் மாடி அறைக்குப் போகும் கரண்டைப் பிடுங்கினான். ஏரியல் கம்பியை அறுத்துத் தென்னையடியில் சுருட்டிப் போட்டான். காற்று இன்னும் வீசிக்கொண்டுதான் இருந்தது. கம்பி இல்லாத இடத்திலிருந்து ஊளையும் வந்துகொண்டுதான் இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணிக்கு மேலிருக்கும். வரலட்சுமி பின்கட்டில் இருந்தாள். அவன் மாடிப்படியின் கீழ் நின்றான். ஏறக்கூடாது என்று நினைத்தான். மேலே மூன்று தட்டல். அவனுடைய கை பிடித்திருந்த கைப்பிடிக் கட்டைக்குள் நாலாவது.

ஏறினான்.

அறை குளிர்ந்திருந்தது. வால்வுகள் கறுத்துக் கிடந்தன. மேஜைமேல் ஹெட்போன் கவிழ்ந்து கிடக்க, அதனடியில் ஏதோ பூச்சி அகப்பட்டது போலச் சின்னதாக ஒரு துடிப்பு. கரண்டு இல்லை. கம்பி இல்லை. பெட்டியின் பின்பக்கத்து ஒயர் அறுபட்டுத் தொங்கியது. அதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு உட்கார்ந்து, அந்த ஜில்லிட்ட வட்டங்களைக் காதில் வைத்தான்.

இரைச்சல் இல்லை. மின்னல் இல்லை. மிக ஆழமான ஓர் அமைதி. எல்லாப் பக்கமும் அடைத்துக்கொண்ட அமைதி. அதற்குள், மெலிந்து, அந்தக் கை. அவனுடைய குறியைக் கூப்பிட்டது. தன் குறியைச் சொன்னது. மூன்று. பிறகு ஒன்று.

நரசிம்மலு செத்துப்போன சாவியில் கை வைத்தான். அவருடைய குறியை, சரியான குறியை, நாலு புள்ளியோடு தட்டினான். கேட்கிறேன். சொல்லுங்கள்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பெயர்கள் வந்தன.

அப்புசாமி. பழனாத்தாள். அங்கப்பன். பாலுசாமி. ஒவ்வொன்றும் எழுத்து எழுத்தாக வந்தது. அவன் எழுதினான். ஒவ்வொரு பெயரையும் திருப்பித் தட்டினான், விதிப்படி. ஒரு எழுத்து தவறினாலும் எதிர்ப்பக்கம் பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பித்தது. மாசாணியம்மாளை மூன்று தரம் வாங்கினான். அந்தப் பிந்தின புள்ளிக்கு ஒவ்வொரு தரமும் காத்திருந்தான். காத்திருக்கையில் காதுக்குள் வேறு ஏதோ கேட்டது, தட்டலுக்குப் பின்னால், ரொம்பப் பேர் ஒரே இடத்தில் மூச்சுவிடுவது போல. மூச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு பெயர் முடிந்ததும் ஒரு மூச்சு நின்றது.

பதிமூன்று பெயர். நோட்டைத் திறந்து ஒத்துப் பார்த்தான். ஒரு எழுத்துப் பிசகில்லை. ஒரே ஒரு மூச்சு மிச்சமிருந்தது. பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

பதினாலாவது வந்தது.

முன்னெழுத்துகள் அந்த மூச்சுக்குள் புதைந்துபோயின. கடைசி மட்டும் காதில் விழுந்தது. ஆத்தாள். என்ன ஆத்தாள்? நோட்டில் அந்த இடத்தைப் பார்த்தான். காய்ந்த மண். நகத்தால் சுரண்டினான். காகிதமும் சேர்ந்து வந்தது.

மறுபடி கேட்க வேண்டும். மறுபடி கேட்டால் மறுபடி வரும். அந்த மூச்சும் வரும். அது இப்போது ஹெட்போனுக்குள் இல்லை. அவன் கழுத்தின் பின்பக்கம். ஈரமாக. சூடாக.

காளியாத்தாள் என்று எழுதினான்.

காளியாத்தாளாக இருக்கலாம். உடுமலைப்பேட்டைப் பக்கம் பாதிப் பெண்களுக்கு அந்தப் பெயர்தான். திருப்பித் தட்டாமலே, எல்லாம் கிடைத்தது, நன்றி, வணக்கம் என்று முடித்து, ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.

மூச்சு நின்றது.

தட்டல் வரவில்லை. அவன் காத்திருந்தான். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். காற்றுகூட அடங்கியிருந்தது. தூரத்தில் யார் வீட்டிலோ மாடு கத்தியது, வெறும் மாடு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முடிந்தது என்று நினைத்தான். சத்தமாகவே சொன்னான். “முடிஞ்சுதுங்க.”

படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. வரலட்சுமி காபி டம்ளரோடு வந்தாள்.

“உங்களை எங்கெல்லாம் தேடறதுங்க? காபி ஆறுது” என்றாள். நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். “தம்பி காயிதம் போட்டிருக்கானுங்க. தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிருக்காங்களாமா. நாலு நாள் முன்னாடியே வரச் சொல்றான்.”

“போலாம்” என்றான். தன் குரல் தனக்கே இனிமையாகக் கேட்டது. “போயிட்டு வரலாம் அம்மணி.” டம்ளரை வாங்கக் கை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். மோர்ஸ் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாதவள். அவளுடைய ஆள்காட்டி விரல் நகம் பித்தளை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது.

“சேலையெல்லாம் இங்கயே எடுத்துட்டா நல்லதுங்க” என்றாள். “அங்க வெலை சாஸ்தி.”

நகம் தட்டியது. இந்தக் கை அந்தோணிராஜுடையது இல்லை. இவ்வளவு நாளும் அவன் கேட்டிராத கை. பழகாத கை. முன்னெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி ஓடின. அவன் பென்சிலை எடுத்துவிட்டிருந்தான். எடுத்தது அவனுக்கே தெரியாது. ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி மட்டும். ஆத்தாள்.

“காளியாத்தாளா?” என்றான் மெதுவாக.

“யாருங்க அது?” என்று வரலட்சுமி சிரித்தாள்.

விரல் நின்றது. பிறகு முதலிலிருந்து தொடங்கியது.

“பூவாத்தாளா?”

முதலிலிருந்து.

“என்னங்க நீங்க, ஆரையோ கூப்புட்டுட்டு? நான் சொல்றதைக் கேளுங்க. மாப்பிள்ளை ஊட்டுல பத்துப் பேருக்கு மேல வரமாட்டாங்களாமா…” அவள் குரல் அவளுடைய குரல்தான். முகம் அவளுடைய முகம்தான். நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் கலையாமல் இருந்தது. நகம் நடுவில் பிளந்து, டம்ளரின் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. அவள் குனிந்து பார்க்கவே இல்லை. கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டே போனாள். பிளந்த விரல் மடியில் தட்டிக்கொண்டே இருந்தது, அவசரமில்லாமல், சளைக்காமல், மறுபடி முதல் எழுத்திலிருந்து.